ஜுர வலிப்பும் காக்காய் வலிப்பும்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு ஜுரத்தோடு ஒரு முறையேனும் வலிப்பு வருகிறதென்பது வைத்திய சாஸ்திரம் நெடுநாளாக அறிந்த விஷயம். ஆயினும், கண்கள் மேலே செருகி, பல் கிட்டி, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும் அந்தச் சில நிமிஷங்களில் புள்ளிவிவரம் எந்தத் தாய்க்குத் தைரியம் தரும்? எதிர்வீட்டுக் குழந்தைக்கு அவ்வாறு நேர்ந்தபோது, ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, மற்றொருவர் கரண்டிக் காம்பை வாயில் செருக முனைய, பாட்டி மாத்திரமே, “சும்மா இருங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க” என்று அதட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 5 நிமிஷம் தாண்டினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டுமென்பதை அவள் எங்கே கற்றாளோ! (முதல் வலிப்பாயின், தானே நின்றபிறகும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.)

காக்காய் வலிப்பாக முற்றிவிடுமோ என்பதே பிறகு அவ்வீட்டை அரித்த கவலை. சாதாரண ஜுர வலிப்புக் கண்டவர்களில் பிற்காலத்தில் அந்நோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு ஓரிருவரே. வலிப்பு 15 நிமிஷத்திற்கு மேல் நீடித்தாலோ, உடலின் ஒரு பக்கத்தை மாத்திரம் பற்றினாலோ, 24 மணி நேரத்திற்குள் மீண்டும் வந்தாலோ, குடும்பத்தில் அந்நோய் இருந்தாலோ அபாயம் சற்றுக் கூடும். ஏறத்தாழ மூன்றிலொரு குழந்தைக்கு வேறொரு ஜுரத்தில் வலிப்பு திரும்பவும் வரலாம். பாரஸிட்டமால் உடம்பின் வேதனையைத் தணிக்குமேயன்றி, வலிப்பைத் தடுக்குமென்று நம்பிப் பிரயோஜனமில்லை.