நெட்டுக்குப்பத்தில் ஒரு வெள்ளை வேட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. கேமராவோடு இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்குள் நீளும் அந்த இடிந்த பாலத்துக்காக வருவார்கள். நான் போனது தெரிந்த மீனவக் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்புறத்துக்கு. முருங்கை ஒன்று, அரளி ஒன்று, நந்தியாவட்டைப் புதர், உடைந்த பக்கெட்டில் துளசி, வேலியோரம் எருக்கு. உப்புக்காற்று அடிக்கிற மணலில் இதுவே பெரிய தோட்டம்.

மாசி மாதம், நாளை அமாவாசை. வாடை ஓய்ந்து, பகலில் சூடு ஏறத் தொடங்கும் நேரம். இலை துளிர்த்தால் புழு வரும். இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம் என்று செடிகளைப் புரட்டினேன். எருக்கில் வெந்தய வரியனின் புழுக்கள், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக. நந்தியாவட்டையின் ஒரு கிளை நுனி மொட்டையாகக் கிடந்தது. அதற்குக் கீழே விரல் பருமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலப் பொட்டு இரண்டு. தொட்டால் தலையை உள்ளிழுத்து, அந்தப் பொட்டுகளைக் கண்ணாக்கி விழிக்கிறது. டாஃப்னிஸ் நெரியை என்பது அதன் அறிவியல் பெயர். ஆடுகூட வாய் வைக்காத அரளி இலையையும் இது தின்று தீர்க்கும்.

“வருஷா வருஷம் வருது தம்பி. பாத்தா நசுக்கிடுவேன்,” என்றார் வீட்டுக்கார அக்கா. வளர்ந்த அந்துப்பூச்சியின் படத்தை போனில் காட்டினேன். பல பச்சைகளும் இளஞ்சிவப்பும் குழைந்த இறக்கை. வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். “இதுவா அது?” என்றார். புழு பிழைத்தது.

பிறகு முருங்கைக்கும் சுவருக்கும் கயிறு கட்டி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பல்பை எரிய விட்டோம். அந்துப்பூச்சி பார்ப்பவர்களுக்கு இவ்வளவுதான் தளவாடம். நிலா இல்லாத இரவாக இருந்தால் நல்லது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். “கடல்ல லைட்டு கட்டி மீன் புடிச்சா கேஸு. கரையில லைட்டு கட்டி பூச்சி புடிச்சா இல்லியா?” எல்.இ.டி. விளக்கு கட்டி மீன் பிடிப்பதை 2017 நவம்பரில் ஒன்றிய அரசு தடை செய்ததைத்தான் சொன்னார். பிடிக்கவில்லை பெரியப்பா, படம் எடுத்து எழுதிக்கொண்டு விட்டுவிடுவோம் என்றேன். அதற்கா இத்தனை தூரம் என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது.

பூச்சி ஏன் விளக்குக்கு வருகிறது என்பதற்கு அண்மையில்தான் நல்ல விடை கிடைத்தது. அதிவேகக் கேமராவில் பார்த்து எழுதிய ஆய்வு 2024-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளும். வானம் எப்போதும் தரையைவிட வெளுப்பு என்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகள் இது சரியாகவே வேலை செய்தது. பக்கத்தில் பல்பு எரிந்தால் முதுகை அதற்குக் காட்டிக் காட்டி அங்கேயே வட்டமடிக்கிறது. ஆசையும் இல்லை, தற்கொலையும் இல்லை. வடக்கே ஆற்றுக்கு அப்பால் துறைமுகமும் அனல் மின் நிலையமும் விடிய விடிய எரிக்கிற விளக்குகளைப் பார்த்தபோது, என் ஒற்றைப் பல்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று தோன்றியது.

வந்தார்கள். முதலில் பழுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட ஸ்போலேடியா, கீரைப் பாத்தியில் இலையைச் சுருட்டும் அதே பூச்சி. அடுத்து வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த யூட்டிதீசா. கிலுகிலுப்பைச் செடியின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகளுக்குக் கசக்கும், அதனால் ஒளிய வேண்டிய அவசியமில்லை. பெயர் தெரியாத பொடிப்பூச்சிகள் ஏராளம். வேட்டியின் ஓரத்தில் பல்லி ஒன்று இடம் பிடித்தது. பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஒரு சிறுமி நோட்டையும் பேனாவையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் எதிர்பார்த்தது ஹைப்ளேயா பூரா. தேக்கு இலையைத் தின்று காட்டையே மொட்டையாக்கும் பூச்சி. மும்பை முகத்துவாரங்களில் வெண்கண்டல் மரங்களையும் அப்படியே செய்கிறது. எண்ணூர் முகத்துவாரத்திலும் வெண்கண்டல் உண்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படிந்த அதே கண்டல். அன்று ஹைப்ளேயா வரவில்லை. “வராததையும் எழுதணுமாண்ணா?” என்றாள் சிறுமி. அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு மேல் வேட்டியில் பூச்சியல்லாத பொட்டுகளும் தெரிந்தன. விரலால் தொட்டால் கறுப்பாக இழுபட்டது. கரித்தூள்.

கரியையும் அந்துப்பூச்சியையும் சேர்த்து உலகமே படித்த பாடம் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. பிஸ்டன் பெட்டுலேரியா என்ற வெளிர்நிறப் பூச்சியின் கறுப்பு வடிவம் 1848-இல் மான்செஸ்டரில் பதிவானது. 1895-க்குள் அந்த ஊரில் நூற்றுக்கு 98 கறுப்பாகிவிட்டன. புகை படிந்த மரத்தில் வெளிர்ப்பூச்சி பறவையின் கண்ணில் பட்டது, கறுப்பு தப்பியது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைய, வெளிர்ப்பூச்சி மெல்லத் திரும்பியது. இத்தனையும் தெரிந்ததற்குக் காரணம், பொழுதுபோக்காகப் பூச்சி சேர்த்தவர்கள் தேதியும் ஊரும் குறித்து வைத்ததுதான். நம் பக்கத்திலும் ஆள் இருந்தார். நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். ஆனால் அது மலை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் எரியத் தொடங்கி 2017 மார்ச் 31-இல் அணைந்தது. அதன் நிழலில் இருந்த குப்பங்களில் மான்செஸ்டர் மாதிரி ஒரு கணக்கு இல்லை. எது போயிற்று, எது தாக்குப்பிடித்தது என்று இன்று கேட்டால் காட்ட ஏடு இல்லை. மாசு பற்றிய வழக்குகளிலும் விசாரணைகளிலும் மீனுக்கும் இறாலுக்குமே எண்ணிக்கை தேடி அலைய வேண்டியிருக்கிறது, பூச்சியை யார் கேட்பார்கள்?

இந்தியாவில் அந்துப்பூச்சி வகைகள் 10,000-க்கும் மேல், வண்ணத்துப்பூச்சிகளைப் போலப் பல மடங்கு. 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் ஜூலைக் கடைசியில் இங்கும் நடக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ மொட்டைமாடி உள்ளவர்கள் அடுத்த அமாவாசைக்கு ஒரு வேட்டியைக் கட்டிப் பாருங்கள். வந்ததைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுங்கள், பெயர் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள், பூச்சிக்கும் வேலை இருக்கிறது. தேதி, இடம், காற்று, எந்தச் செடி என்பதை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.