திங்கட்கிழமையை எங்கே வைப்பது?

(மூன்றாமாண்டு, இளங்கலை ஆங்கிலம்)

காலமறிந்து பேச வேண்டும் என்பார்கள் பெரியோர். ஆங்கிலத்தில் எழுதுகிறவன், காலத்தைக் காட்டும் சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்றும் அறிந்திருக்க வேண்டும். இதை நான் வகுப்பில் கற்கவில்லை. என் அக்காவுக்கு நேர்ந்த நஷ்டத்தில் கற்றேன்.

எங்கள் வீடு பொத்தேரி ரயிலடிக்குப் பக்கத்தில். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, மறைமலைநகரிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார்கள். வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. புதனன்று அப்பாவை மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. “நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, வேற ஒரு நாள் கேட்டு எழுதுடா” என்றாள் அக்கா. நானும் பெருமையோடு மின்னஞ்சல் எழுதினேன்.

‘யூ ஆஸ்க்டு மீ டு கம் ஃபார் தி இன்டர்வியூ ஆன் மண்டே’ என்பது அதன் முதல் வரி. திங்களன்று அழைத்தீர்கள் என்று நான் நினைத்து எழுதினேன். திங்களன்று வரச் சொன்னீர்கள் என்று அவர்கள் படித்தார்கள். திங்கட்கிழமை இங்கே தேர்வு எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் விளக்கி எழுதுவதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் அந்த வரியைக் காட்டினேன். “இதில் எத்தனை வினை?” என்று கேட்டார். அழைத்தது ஒன்று, வருவது ஒன்று. “திங்கட்கிழமை எந்த வினைக்குச் சொந்தமோ, அதன் பக்கத்தில் உட்கார வை” என்றார். ‘யூ ஆஸ்க்டு மீ ஆன் மண்டே டு கம்’ என்றிருந்தால் குழப்பமே இல்லை.

காலம் காட்டுவது வினையின் இலக்கணம் என்று நம் தொல்காப்பியமும் சொல்கிறது. ஆனால் தமிழில் ‘திங்கட்கிழமை என்னை வரச் சொன்னார்கள்’ என்றால், எதிரே இருப்பவர் “சொன்னது திங்களா, வரச் சொன்னது திங்களா?” என்று உடனே கேட்டுவிடுவார். கடிதத்தைப் படிப்பவர் அப்படிக் கேட்பதில்லை.

அவர் சொன்ன மற்றவற்றையும் எழுதுகிறேன். ‘யெஸ்டர்டே’ போன்றவை வாக்கியத்தின் தொடக்கத்தில் அல்லது இறுதியில் நிற்கும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நுழைவதில்லை. ‘ஐ பாட் எ புக் யெஸ்டர்டே’ சரி. ‘ஐ பாட் யெஸ்டர்டே எ புக்’ பிழை. ‘ஆல்வேஸ்’ வினைக்கு முன்னே வரும்: ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’. ‘இஸ்’ இருந்தாலோ அதற்குப் பின்னே: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’. ‘திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பொத்தேரியில்’ என்கிறோம் நாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இது தலைகீழ்: முதலில் இடம், பிறகு மணி, கடைசியில் கிழமை.

அக்கா என்னைத் திட்டவில்லை. “அடுத்த தடவை ரெண்டு தரம் படிச்சிட்டு அனுப்பு” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

நண்பர்களே, வீட்டில் உங்களை நம்பி ஒரு கடிதம் எழுதச் சொன்னால், காலச்சொல்லை வைத்த பிறகு ஒரு நிமிடம் நின்று, அது எந்த வினையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.