சீட்டை எறியாதீர்கள்!

நடுநிசியில் ஆம்புலன்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்கிறீர்களா, சகோதரிகளே? நான் தாண்டியிருக்கிறேன். அத்தைக்கு மூச்சுத் திணறல். "மதுரைக்குக் கொண்டு போங்கள்" என்று கையை விரித்து விட்டார் ராமேசுவரத்து டாக்டர் ஒருவர். மதுரையோ சுமார் 170 கிலோ மீட்டர்! வழியெல்லாம் அவரைச் சபித்தேன். அத்தை பிழைத்து விட்டாள், கோபமும் ஆறிற்று. வழக்குக்குப் பயந்தாரோ, என்னவோ!

1995-ல் சுப்ரீம் கோர்ட், கட்டணம் வாங்கும் டாக்டர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு. ஏழை மீனவர்கள் போவதோ அங்கேதான்! அவர்களுக்கு சிவில் கோர்ட்டே கதி. 2005-ல் அதே கோர்ட், பெரும் அஜாக்கிரதை இருந்தாலன்றி டாக்டர்மேல் கிரிமினல் வழக்குக் கூடாது என்றது. நியாயந்தான்; பயந்த டாக்டரால் யாருக்கு லாபம்?

ஆனால் நம் பக்கத்து நியாயத்துக்குச் சாட்சி வேண்டாமா? மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருஷம். அழுதுகொண்டே இருந்தால் அதுவும் போய்விடும்!