விடுவிக்க மறந்தவை

நாங்கள் இரண்டு பேர். பாரிஸ் புறநகரில் ஒரே அறை, ஒரே றெஸ்ரோறன்ற். கம்பஸ் படிப்பு இருவருக்கும் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. கோப்பை கழுவுகிறோம், வெங்காயம் வெட்டுகிறோம். கடைசி மெத்ரோவில் அறைக்குத் திரும்பிப் பழைய லப்டொப்பைத் திறந்தால்தான் எங்களுக்கு அன்றைய நாள் தொடங்கும். சி மொழியில் எழுதப்பட்ட, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய புறோகிறாம்களில் நினைவகக் கசிவு தேடுகிறோம். சம்பளம் கிடையாது.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கியது. அதில் பின்னால் துடைத்துக்கொண்டு வர ஆளில்லை. மலொக் என்று கேட்டு வாங்கிய இடத்தை ஃபிறீ என்று சொல்லி நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சிறிது நேரம் ஓடி முடிகிற புறோகிறாமென்றால் மறந்தாலும் பரவாயில்லை; முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுவதில்தான் ஆபத்து. ஒரு இணைப்புக்கு 64 பைட், செக்கனுக்கு 10 இணைப்பு என்றால், ஒரு நாளில் ஐந்தரைக் கோடி பைட் போய்விடும். 18 நாளில் ஏறக்குறைய ஒரு கிகாபைட்.

கசிவு பெரும்பாலும் நேர்வழியில் இருப்பதில்லை. பிழை வந்து பாதியில் திரும்புகிற வழியில்தான் இருக்கும். குசினியிலும் அப்படித்தான். சாப்பாடு மேசைக்குப் போனால் தாச்சி கழுவ வரும். ஓடரை இடையில் நிற்பாட்டினால் எடுத்த தாச்சி அடுப்போரம் கிடக்கும். சனிக்கிழமை இரவு தாச்சிக்குத் தட்டுப்பாடு.

போன மாரியில் ஒன்று கண்டோம். கோப்பின் பெயரைப் பிரதி எடுக்கிறது. கோப்புத் திறபடாவிட்டால் உடனே திரும்பிவிடுகிறது. பிரதி அங்கேயே கிடக்கிறது. வல்கிரின்ட் அதை 'நிச்சயமாக இழக்கப்பட்டது' என்ற கணக்கில் காட்டியது. உற்சாகத்தில் வெளியேறும் எல்லா வழிக்கும் ஃபிறீ போட்டு அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோப்புத் திறபட்டால் அந்தப் பெயரை வேறொரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. நாங்கள் விடுவித்த இடத்தை அது பிறகு வாசிக்கிறது. கசிந்தால் புறோகிறாம் மெல்லச் சாகும். முந்தி விடுவித்தால் எப்போது விழும் என்றே தெரியாது. வெட்கமாக இருந்தது. ஃபிறீயை எங்கே போடுவது என்று பார்த்தோமே தவிர, அந்த இடம் இப்போது யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்று இரவு இருந்து திருத்தினோம். எல்லா வழியும் அடியில் ஒரே இடத்துக்கு வரும், விடுவிப்பு அங்கேதான். பெயரைப் பட்டியலிடம் ஒப்படைத்ததும் எங்கள் சுட்டியை வெறுமையாக்கிவிடுவோம். வெறுஞ் சுட்டிக்கு ஃபிறீ சொன்னால் எதுவும் நடக்காது என்பது மொழியின் விதி. மொத்தம் ஏழு வரி.

சேர்ப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: கீழே சொந்தப் பெயர் எழுத வேண்டும். குசினியில் எங்களைக் கூப்பிடுவது வேறு ஆட்களின் பெயரில். அவர்களுடைய வேலை அனுமதிப் பத்திரத்தில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். அகதி வழக்கும் முடியவில்லை. பெயர் எங்கெங்கே போகுமோ, யார் கண்ணில் படுமோ என்று விடியும்வரை கதைத்தோம்.

கடைசியில் போட்டோம். அம்மா அப்பா வைத்த பெயர், தகப்பன் பெயரோடு, முழுதாக. அடுத்த கிழமை சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றிரவும் குசினியில் மற்றப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். 'வாறம்' என்றோம்.