வெண்ணிற இரவுகளும் எங்க ஊர் ராத்திரியும்



இந்த மாதம் நான் படித்த புத்தகம் 'வெண்ணிற இரவுகள்'. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1848-ல் எழுதிய குறுநாவல். நான்கு இரவுகள், ஒரு காலை. கதை மொத்தமும் அவ்வளவுதான். ஒரே மூச்சில் படிச்சிடலாம்!

கதை நடக்கும் பீட்டர்ஸ்பர்க் நகரம் வடக்கே 60 டிகிரியில் இருக்கிறது. நம்ம தூத்துக்குடி 9 டிகிரிக்கும் கீழே. ஜூன் மாதம் அங்கே நடுராத்திரியிலும் முழுசா இருட்டாது. அந்தி மாதிரி ஒரு வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். அதுதான் வெண்ணிற இரவு! நமக்கோ ஏழு மணிக்கெல்லாம் இருட்டி, முயல் தீவு கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பிச்சிடும்.

கதாநாயகனுக்குப் பேரே கிடையாது. கனவிலேயே வாழ்கிறவன். தெருவில் நடந்தால் வீடுகள் அவனிடம் பேசும். தனக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கிறார்களே என்று ஒரு வீடு முறையிடும்!

ஓர் இரவு நாஸ்தென்காவைச் சந்திக்கிறான். கண் தெரியாத பாட்டி, பேத்தி எங்கும் போகாதபடி அவள் உடுப்பைத் தன் உடுப்போடு ஊக்கு குத்தி வைத்திருப்பாள். ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று மாஸ்கோ போனவனுக்காக நாஸ்தென்கா காத்திருக்கிறாள். நம்ம ஆள் அவளுக்காகக் கடிதம் கொண்டு போகிறான். அவளை விரும்பவும் செய்கிறான். நாலாவது இரவு, இனி அவன் வரமாட்டான் என்று அவள் இவனையே ஏற்கிறாள். அந்த நேரம் பார்த்து போனவன் வந்து நிற்கிறான்! அவள் அவனோடு போய்விடுகிறாள்.

இந்தக் கதையைத் தழுவித்தான் எஸ்.பி. ஜனநாதன் 2003-ல் 'இயற்கை' படம் எடுத்தார். அதுவும் ஒரு துறைமுக ஊர்க் கதை.

"அவ ஏமாத்திட்டாட்டி" என்று என் தோழி சண்டைக்கே வந்தாள். அம்மாவிடம் கதையைச் சொன்னேன். மீனை ஆய்ஞ்சுகிட்டே, "வாரேன்னு சொல்லிட்டுப் போனவன் வந்துட்டாம்லா. வேற என்னட்டி வேணும்?" என்றாள்.

அம்மா அப்படித்தான் சொல்வாள். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. மூணு ராத்திரி ஒரு தகவலும் இல்லை. அம்மா வாசப்படியை விட்டு எழும்பவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை மூணு ராத்திரியும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்துக் கூடவே உட்கார்ந்திருந்தாங்க. அந்த வீட்டு மாமா பல வருஷத்துக்கு முன்னாடி கடலுக்குப் போனவர். திரும்பி வரலை.

நாலாம் நாள் அப்பாகிட்ட இருந்து போன் வந்துச்சு. அம்மாவுக்கு முன்னாடி ஓன்னு அழுதது அத்தைதான். அழுதுகிட்டே மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்க ஓடினாங்க.

எல்லாரும் நாஸ்தென்கா செய்தது சரியா தப்பான்னே பேசுறோம். எனக்கு இது, காத்திருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்தவனுடைய கதை. கடைசியில் அவளிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வருது. அவன் திட்டவில்லை. அவள் நல்லா இருக்கணும் என்றுதான் நினைக்கிறான்.

"இப்படியெல்லாம் யாரும் இருப்பாங்களா?" என்று தோழி கேட்டாள்.

இருக்காங்க. எங்க பக்கத்து வீட்டிலேயே இருக்காங்க.

நீங்களும் படிச்சுப் பாருங்க தோழிகளே!

- பதினொன்றாம் வகுப்பு மாணவி