வடிகாலில் ஒரு விரால் ஜோடி

திருநள்ளாறு கோயிலுக்கு வர்றவங்க காரில் எத்தனையோ மதகுகளைத் தாண்டித்தான் போவீங்க. கீழே கறுப்பா கொஞ்சம் தண்ணி, மேலே ஆகாயத்தாமரை, கரையில் காட்டாமணக்குப் புதர். சாக்கடைன்னு நினைச்சிருப்பீங்க. அது வயலில் மிஞ்சின தண்ணி வெளியேறுற வடிகால். எங்க சுரக்குடியில் நல்ல விரால் கிடைக்கிறது அங்கேதான்.

நாங்க கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் பாய்ஞ்சது போக மிச்சம்தான் காரைக்காலுக்கு. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. பாசன வாய்க்கால் ஓடும், காயும். வடிகாலில் பள்ளமான இடத்தில் மட்டும் தண்ணி கொஞ்சம் தங்கும். விரால் மேலே வந்து காத்தையும் குடிக்கிற மீன். மத்த மீன் செத்துப்போற கலங்கல் தண்ணியிலும் அது கிடக்கும்.

கெண்டைக்கு மண்புழுவும் தக்கையும் போதும். விராலுக்குத் தக்கையும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். நீள மூங்கில் கழி, தடிச்ச நரம்பு, பெரிய முள், அதில் ஒரு சின்னத் தவளை. பாசி மேல அதைத் தத்தித் தத்திக் குதிக்க விடணும். 'டப்'புன்னு சத்தம் கேட்டதும் இழுத்துடக் கூடாது. முழுங்க விட்டு, அப்புறம் சுண்டணும். இதெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தது.

எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். மழைக்காலம். வடிகாலில் ஒரு இடத்தில் தண்ணி கொதிக்கிற மாதிரி சிவப்புக் குஞ்சுகள் கூட்டமா மேலே வந்து வந்து போச்சு. பக்கத்தில் தவளையைப் போட்டேன். உடனே அடிச்சுது. மறுபடி போட்டேன், இன்னொண்ணு. ரெண்டையும் ஓலையில் கோத்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். எங்கே புடிச்சேன்னு அப்பா கேட்டார். சொன்னேன்.

"பசிக்கா கடிச்சுது? குஞ்சைக் காப்பாத்தக் கடிச்சுதுடா" என்றார். அன்னைக்கு அவர் குழம்பைத் தொடலை. மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் கொக்கும் நீர்க்காக்காயும்தான் நின்னுச்சு.

போன கார்த்திகையில் சென்னையிலிருந்து பையன் லீவுக்கு வந்தான். கையில் ரப்பர் தவளை, சுருள் வச்ச தூண்டில். வெளிநாட்டில் இறகைக் கட்டி ஈ மாதிரி செஞ்சு ட்ரவுட் மீன் புடிப்பாங்களாம். வெள்ளைக்காரங்க அந்த மீனை நீலகிரிக்கும் கொண்டுவந்து, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க பண்ணையே வச்சாங்களாம். போனில் படம் காட்டினான். "நம்ம தவளையும் அதே வித்தைதான்டா"ன்னேன்.

வடிகாலுக்குப் போனோம். அதே மாதிரி சிவப்புக் குஞ்சுக் கூட்டம். அவன் கழியை ஓங்கினான். நான் கையைப் புடிச்சேன்.

"நாம விட்டா வேற யாராவது புடிச்சிடுவாங்கப்பா."

நியாயமான பேச்சு. சந்தையில் விரால் விக்கிற விலைக்கு யார் விடுவா? எனக்குப் பதில் தெரியலை. அப்பா சொன்னதையும், நான் செஞ்சதையும் சொன்னேன். ஒண்ணும் பேசாமல் நரம்பைச் சுத்திக்கிட்டான்.

ஊருக்குப் போனதும் போன் பண்ணினான். "அப்பா, அந்தக் குஞ்சு இருக்கா?" வயலுக்குப் போற வழியில் தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பக்கத்து வயலில் மருந்து அடிக்கிற நாள் வந்தப்ப, தண்ணி வடிகாலுக்கு வடியாமல் மடையை அடைச்சேன். இதுக்கு முன்னாடி அதை யோசிச்சதே இல்லை.

சிவப்பு மெல்ல மாறிக் கறுத்துச்சு. கூட்டம் கலைஞ்சு போச்சு. அதில் எத்தனை பொழைச்சுதோ. இந்தக் கோடைக்கு அந்தப் பள்ளத்தில் தண்ணி நின்னா, அடுத்த மழைக்குத் தெரியும்.