மணியடித்த கோச்



டல்லாஸில் மகன் வீட்டில் இருந்த மூன்று மாதமும் பேரனோடு உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்தேன். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், இதற்கு ஏன்டா ஃபுட்பால் என்று பெயர் என்றால் சிரிப்பான். ஆட்டம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அவன் சொல்லித் தேடிப் படித்த ஒரு கோச் மனசை விட்டுப் போகவில்லை. பெயர் எடி ராபின்சன்.

1941-இல் லூசியானா மாநிலத்தில், கிராம்பிளிங் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். வயது 22. அதற்கு முன் தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. கோச் என்று பெயர்தான். மைதானத்தில் புல் வெட்டுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டச் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். வெளியூர் போனால் கறுப்பர்களுக்கு ஹோட்டலில் இடம் கிடையாது. சாண்ட்விச் செய்து பையன்களுக்குக் கொடுப்பாராம். முதல் வருடம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம் 9 ஆட்டத்திலும் வெற்றி. எதிரணிகளுக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை!

1997 வரை அதே கல்லூரி. மொத்தம் 408 வெற்றி. அவரிடம் ஆடிய டக் வில்லியம்ஸ்தான் 1988-இல் சூப்பர் பவுலில் அணியை நடத்தி ஜெயித்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக். அது மூளை வேண்டிய இடம், கறுப்பர்களுக்கு வராது என்று பேசிய காலம்.

எனக்குப் பிடித்தது வேறு. காலையில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு ஹாஸ்டல் முழுக்க நடப்பாராம், வகுப்புக்கு எழுப்ப. வார்டனாக இருந்தபோது பிரம்பால் கதவைத் தட்டிய என்னை நீங்கள் எவ்வளவு திட்டியிருப்பீர்கள்!

கடைசி மூன்று வருடமும் தோல்விதான் அதிகம். போதும், ஓய்வு பெறுங்கள் என்று நெருக்கி, பிறகு ஒரு வருடம் நீட்டித்தார்கள். எனக்கு 58 வயதில் அரசாங்கமே நாள் குறித்து அனுப்பியது. அன்று கோபம். இப்போது இல்லை.

பிறகு அவருக்கு அல்சைமர். 2007 ஏப்ரலில் காலமானார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தர் காலைத் தொட்டு, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். முகம் தெரிந்தது. உட்கார்ந்த பெஞ்சுகூட ஞாபகம் வந்தது. பெயர் வரவில்லை. "தெரியாம என்னப்பா" என்று சமாளித்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் கீழே உன் பெயரைப் போடு. எந்த வருட பேட்ச் என்றும் எழுது. டைரியில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.